வெங்காயத் தோலில் பசுங்கணிகம்

அந்தப் பள்ளியில் மேலதிகாரி வந்து ஒரு பாடத்தைப் பார்க்கப்போகிறார் என்றால், முதலில் நடக்கிற வேலை பிள்ளைகளைப் பொறுக்குவதுதான். ஒன்பதாம் வகுப்பின் எல்லாப் பிரிவுகளையும் சலித்து, வாய் உள்ளது, சட்டை வெளுத்தது, தலை படிந்தது, எதிர்க்கேள்வி கேட்காதது என்று பார்த்துப் பார்த்து எடுத்து ஒரே அறையில் உட்காரவைப்பார்கள். சல்லடையில் நிற்காததுகளை மைதானத்துக்குக் காகிதம் பொறுக்க அனுப்பிவிடுவார்கள். அதிகாரியின் வண்டி வெளியே போகும்வரை அதுகள் மதிலோரம்தான் கிடக்கவேண்டும். ஒன்றுக்குப் போவதானால்கூடப் பின்பக்கமாகச் சுற்றித்தான் போகவேண்டும்.

இப்படிப் பொறுக்கி எடுத்த வகுப்புக்கு ஆசிரியர் அறையில் ‘கண்காட்சி’ என்று பெயர். ‘இந்தத் தடவ கண்காட்சி யாருக்கு?’ என்று கேட்டுக்கொள்வார்கள். யாரும் சிரிப்பதில்லை. சிரிக்கவேண்டிய விஷயம் என்று தெரியாத அளவுக்கு அது பழகிப்போயிருந்தது.

இந்தத் தடவை உயிரியல் டீச்சருக்கு.

அவள் தற்காலிகம். வருடா வருடம் கோடை விடுமுறையில் வேலை போய், பள்ளி திறக்கையில் திரும்பக் கிடைக்கும் தற்காலிகம். இப்போது நிரந்தர இடம் ஒன்று காலியாகியிருந்தது. அதிகாரி அவள் பாடம் நடத்துவதை ஒருமுறை உட்கார்ந்து பார்த்து, சரி என்று தலையாட்டினால் அந்த இடம் அவளுக்கு. ஆட்டாவிட்டால் வேறு யாரோ. தலைப்பைத் தலைமையாசிரியரே தேர்ந்தெடுத்துக் கொடுத்திருந்தார்: செல் கோட்பாடு, அறிமுகம்.

பிள்ளைகள் அவளுக்கு ‘மூட்டை டீச்சர்’ என்று பேர் வைத்திருந்தார்கள். அவளுடைய அம்மா சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவள். அப்பாவும் தூக்கினார், முதுகு முறிந்து படுத்து, படுத்த வாக்கிலேயே போய்ச்சேர்ந்தார். கல்லூரி விடுமுறைகளில் இவளும் தூக்கியிருக்கிறாள். அதன் அடையாளமாகத் தோள் இரண்டும் ரவிக்கைக்குள் அடங்காமல் நிற்கும். அந்தப் பட்டப்பெயர் தன் காதுக்கு வந்ததும் அவள் வருத்தப்படவில்லை. ஒரு மூட்டையைக்கூட அசைத்துப் பார்த்திராத ஜென்மங்கள் வைத்த பேர்தானே என்று விட்டுவிட்டாள்.

அவளுக்கு அந்த ஆசிரியர் அறையைக் கண்டாலே குமட்டும். சாக்பீஸைவிடக் கனமான எதையும் தூக்கியறியாத கைகள். சாயங்காலமானால் அந்தக் கைகளுக்குத் தைலம். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கரும்பலகை தூசியால் தும்மல் வருகிறது, பிள்ளைகள் சத்தத்தில் தலை வலிக்கிறது. ஒரு நாள் கிடங்குக்குக் கூட்டிப்போய் வாசலில் நிறுத்தினால் போதும், அந்தத் தூசியிலேயே பாதிப் பேர் படுத்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொள்வாள். நினைத்ததை முகத்தில் காட்டாமல் இருக்க அவளுக்குத் தெரியாது. அதனால்தான் வருடக்கணக்காகத் தற்காலிகம்.

“இந்த ஒரு தடவை மூஞ்சியக் கொஞ்சம் மாத்தி வச்சுக்க,” என்று அம்மா சொல்லியிருந்தாள். அம்மாவின் வலது முட்டி தேய்ந்துபோயிருந்தது. மூட்டையோடு கிடங்கு வாசல் பலகையில் ஏறும்போது முட்டிக்குள் உப்புத்தாளைத் தேய்க்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். கூட நடக்கிறவர்களுக்கே கேட்கும். “உனக்கு அந்த வேலை நெலச்சுதுன்னா அன்னைக்கே நான் துண்ட உதறிட்டு வந்துருவேன். நெலைக்கலைன்னா முட்டி போற வரைக்கும் தூக்குவேன். அப்புறம் நீ என்னைத் தூக்கு.”

அம்மா மிரட்டவில்லை. நாளைக்கு மழை வரும் என்பதுபோலத்தான் சொன்னாள்.

தலைமையாசிரியருக்கு ஆசிரியர் அறையில் ‘வழவழா’ என்று பெயர். எதைப் பிடித்தாலும் கையில் நிற்காத மனிதர். அவர் அறையில் போய் உயிரியல் டீச்சர் தன் திட்டத்தைச் சொன்னாள்.

“முதல்ல எதுவும் சொல்ல வேண்டாம்னு இருக்கேன் சார். வெங்காயத் தோல உரிச்சு மைக்ராஸ்கோப்புல வச்சுக் காட்டிடறேன். என்னத்தப் பாக்கறோம்னே தெரியாம பாக்கட்டும். அவங்களா வரையட்டும். அப்புறம் கன்னத்த உள்பக்கமாச் சுரண்டி அதையும் பாக்கட்டும். வெங்காயத்துலயும் கட்டம் கட்டமா இருக்கு, நம்ம வாய்க்குள்ளயும் இருக்கேன்னு அவங்களே கேப்பாங்க. அந்த இடத்துல செல் கோட்பாட்டச் சொன்னா…”

“நல்லாருக்கு, நல்லாருக்கு,” என்றார் வழவழா. “ரொம்ப நல்லாருக்கு. ஆனா வேண்டாம்.”

“ஏன் சார்?”

“கன்னத்தச் சுரண்டறேன்னு எச்சில் கிச்சிலெல்லாம் எதுக்கும்மா ஐயா முன்னாடி? அப்புறம் இந்தப் பசங்க மைக்ராஸ்கோப்புல எதையாவது பாத்துட்டு எதையாவது சொல்லித் தொலைக்கும். போன தடவ என்னாச்சு? ஒருத்தன் காத்துக்குமிழியப் பாத்துட்டு செல்லு செல்லுன்னு குதிச்சான். மானம் போச்சு. நீங்க படத்தத் திரையில போட்டு நடத்துங்க. கோட்பாடு மூணு பாயிண்ட், மூணையும் எல்லாரும் ஒரே குரல்ல சொல்லணும். கடைசியா மைக்ராஸ்கோப். அதுக்கும் பதில சொல்லிக்குடுத்துடுங்க.”

“பாக்கறதுக்கு முந்தியே பதிலா சார்?”

“பின்ன? பாத்துட்டு யோசிச்சு சொல்றதுக்கு ஐயாவுக்கு நேரம் ஏது?” அவர் குரலைத் தாழ்த்தினார். “டீச்சர், உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அந்த இடத்துக்கு வேற ரெண்டு பேர் என் வாசல்ல வந்து நின்னுட்டுப் போயிட்டாங்க.”

அவள் எழுந்து வந்துவிட்டாள். வரும் வழியில் அந்த மனிதனை மனதுக்குள் என்னென்னவோ திட்டினாள். திட்டிக்கொண்டே வகுப்புக்குப் போய், அவர் சொன்னபடியே சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள்.

ஒத்திகை நாலைந்து நாள் நடந்தது. இதில் பெரிய வேடிக்கை, பாடத்தின் பெயர் அறிமுகம். ஏற்கெனவே மனப்பாடமான ஒன்றை இப்போதுதான் கேட்கிற மாதிரி அதுகள் கேட்கவேண்டும். ‘உயிருள்ள எல்லாமே செல்லால் ஆனது’ என்று டீச்சர் சொன்னதும் முன்வரிசை முழுக்க வியப்போடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவேண்டும். அந்த வியப்பை வழவழாவே வந்து நின்று பழக்கினார். “இன்னும் கொஞ்சம் கண்ண விரிங்க. அவ்வளவு இல்ல, பேயறைஞ்ச மாதிரி இருக்கு.” பிள்ளைகள் அலுக்காமல் விரித்தார்கள். அளவாக விரித்தார்கள்.

அதுகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினாலு வயது. கிடங்கில் அந்த வயதுப் பிள்ளைகளை அவள் பார்த்திருக்கிறாள். ஒரு வண்டி வந்து நின்றால் அதில் என்ன ஏற்றியிருக்கிறது, எந்த ஊர்ச் சரக்கு, ஏன் இந்த மூட்டை மட்டும் நனைந்திருக்கிறது என்று பிய்த்தெடுத்துவிடும். இதுகளோ, உன் உடம்பே கோடானுகோடி செல்தான் என்று சொன்னால் ‘இது ஒரு மார்க்கா, ரெண்டு மார்க்கா?’ என்று கேட்கும்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவி ஒரு பெண். வகுப்பில் எல்லோரும் அவளை முந்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். கேள்வி முடிவதற்குள் கை மேலே போய்விடும். கை மேலே போவதற்குள் பதில் வந்துவிடும். அடுத்தது ‘டாக்டர்’. அந்தப் பையனுடைய அப்பா, பையன் பிறந்தபோதே அவன் டாக்டர் என்று முடிவு செய்துவிட்டார். பையனுக்கு அதைப் பற்றி ஒரு கருத்தும் இல்லை. எதைப் பற்றியும் இல்லை.

“மைக்ராஸ்கோப்புல என்ன தெரியுது?” டீச்சர் கேட்பாள்.

“செங்கல் அடுக்குன மாதிரி செல்கள் தெரியுது டீச்சர். சுத்தி செல் சுவர். உள்ள உட்கரு, புள்ளி மாதிரி.” முந்திரி ஒப்பிப்பாள்.

ஒத்திகையில் வெளிச்சம் இருந்தது. ஜன்னலோரம் மேசை, மேசைமேல் அந்தப் பள்ளியில் உருப்படியாக இருந்த ஒரே மைக்ராஸ்கோப். அதன் அடியில் உள்ள சின்னக் கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தால் வெயில் அதில் பட்டு மேலே ஏறும்; வெங்காயத் தோல் பளிச்சென்று தெரியும். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்றை அவள் கவனித்தாள். ஒரு பிள்ளையும் பார்க்கவில்லை. குனிவார்கள், கண் குழாய்க்குப் பக்கத்தில் போவதற்குள் வாய் ஆரம்பித்துவிடும். ஒரு நாள் முந்திரியை நிறுத்தி, “மெதுவா பாரு. அவசரமில்ல,” என்றாள்.

“பாத்துட்டேன் டீச்சர்.”

“எந்தக் கண்ணால பாத்த?”

முந்திரி யோசித்தாள். “எந்தக் கண்ணால பாக்கணும் டீச்சர்?” என்றாள் அக்கறையாக, அதையும் எழுதிக்கொள்ளத் தயாராக.

போ, போய் உட்காரு என்று அனுப்பிவிட்டாள். இதுகளோடு மல்லுக்கட்டி என்ன கிடைக்கப்போகிறது? அந்த நிரந்தர இடம் கிடைக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்வோம்.

அதிகாரி சொன்ன நேரத்துக்கு வரவில்லை. கண்காட்சி காலையிலிருந்து முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, நிமிர்ந்த முதுகு கூன ஆரம்பித்த பிறகு வந்தார். வந்ததும் வராததுமாக, அடுத்த பள்ளிக்குப் போகவேண்டும் என்றார். உட்காரச் சொன்ன நாற்காலியில் உட்காராமல் ஜன்னலோரம் இருந்ததில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த கையோடு முகத்தைச் சுளித்தார்.

“என்னய்யா இது, வெயில் மூஞ்சிலயே அடிக்குது?”

வழவழா பாய்ந்து போய் ஜன்னலின் இரண்டு மரக்கதவையும் இழுத்துச் சாத்தினார். தாழ்ப்பாளும் போட்டார். திரையில் படம் தெளிவாகத் தெரியட்டும் என்று விளக்கையும் அணைத்தார். அறை முழுக்க இருட்டு. எதிர்ச்சுவரில் மட்டும் பெரிதாக, வண்ண வண்ணமாக, ஒரு தாவர செல்லின் படம். சிவப்பில் உட்கரு, நீலத்தில் நுண்குமிழ், அங்கங்கே பச்சைப் பச்சையாக, இலைக்கு நிறம் தருகிற பசுங்கணிகங்கள். எந்தச் செடியிலும் அப்படி ஒரு செல் கிடையாது. எல்லாச் செடியின் எல்லா உறுப்பையும் அள்ளிப்போட்டு யாரோ படம் வரைந்தவன் செய்த கதம்பம் அது.

பாடம் நடந்தது. முன்வரிசை வியந்தது. மூன்று பாயிண்டும் ஒரே குரலில் வந்தன. உயிருள்ள எல்லாமே செல்லால் ஆனது. உயிரின் அடிப்படை அலகு செல். ஒரு செல் இன்னொரு செல்லிலிருந்துதான் வரமுடியும். அதிகாரி இரண்டாவது பாயிண்டில் கொட்டாவி விட்டார். மூன்றாவதில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“இப்ப நாம செல்ல நேர்லயே பாக்கப்போறோம்,” என்றாள் டீச்சர்.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஜன்னல் சாத்தியிருக்கிறது. கண்ணாடி ஜன்னலைப் பார்த்து நிற்கிறது. ஒரு நிமிடம் விளக்கைப் போட்டு, கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டால் போதும். அவள் சுவிட்ச் பக்கம் திரும்பினாள். அதற்குள் முந்திரி எழுந்துவிட்டாள். ‘நேர்லயே பாக்கப்போறோம்’ என்பதுதான் ஒத்திகையில் அவளுக்குக் கொடுத்திருந்த சைகை. மளமளவென்று வந்து, குனிந்து, நிமிர்ந்தாள்.

“செங்கல் அடுக்குன மாதிரி செல்கள் தெரியுது டீச்சர். சுத்தி செல் சுவர். உள்ள உட்கரு, புள்ளி மாதிரி.”

கணீரென்று இருந்தது குரல். வழவழா இருட்டில் தலையாட்டுவது தெரிந்தது.

டீச்சரின் கை சுவிட்சுக்கு முன்னால் நின்றது. அந்தக் குழாய்க்குள் ஒன்றும் இல்லை. கிணற்றுக்குள் பார்த்தாலாவது தண்ணீர் மினுங்கும். அதில் அதுவும் இல்லை. இப்போது விளக்கைப் போட்டால், ‘ஏன், இத்தனை நேரம் என்ன பாத்தீங்க?’ என்று அதிகாரி கேட்பார். முந்திரி பொய்க்காரி ஆவாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் யார்? அதோடு முடிந்தது. பலகை மேல் அம்மா ஏறிக்கொண்டே இருக்கவேண்டியதுதான்.

விளக்கைப் போடாவிட்டால்?

அவள் யோசித்து முடிப்பதற்குள் இரண்டாவது ஆள் குனிந்து நிமிர்ந்துவிட்டது. “செல் சுவர் தெரியுது டீச்சர்.” மூன்றாவது. “உட்கரு தெரியுது டீச்சர்.” வரிசையாக வந்தார்கள், குனிந்தார்கள், பார்த்தார்கள், சொன்னார்கள். ஒன்று, ஒரே ஒன்று, குனிந்த இடத்தில் ஒரு கணம் தயங்கும், ‘டீச்சர், இருட்டா இருக்கே’ என்று சொல்லித் தொலைக்கும், தன் பிழைப்பில் மண் விழும் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் தயங்கவில்லை. பல் வலித்ததுதான் மிச்சம். அவ்வளவு சுத்தமாகச் சலித்திருந்தார்கள்.

டாக்டர் முறை வந்தது. அவனுக்கு அவன் பங்கு வசனம் மறந்துபோயிருக்க வேண்டும். குனிந்தான். ஒன்றும் வரவில்லை. தலையைத் தூக்கிச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

“பச்சைப் பச்சையா பசுங்கணிகம் தெரியுது டீச்சர்!”

நிலத்துக்குள் கிடக்கிற வெங்காயத்தின் உள்தோலில் பசுங்கணிகம். வெளிச்சத்தில் பார்த்தாலே இல்லாத ஒன்றை இந்த மடையன் இருட்டில் பார்த்துவிட்டான்.

அதிகாரி அதுவரை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது நிமிர்ந்தார்.

“அட, பச்சையும் தெரியுதா?” நாற்காலி கிறீச்சிட்டது. “எங்க, நானும் பாக்கறேன்.”

“ஐயா, ஒரு நிமிஷம், வெளிச்சத்த…” அவள் கையை நீட்டினாள்.

“பரவால்ல, பரவால்ல. தள்ளிக்கம்மா. நாங்கல்லாம் பாக்காததா?”

குனிந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மறுபடி குனிந்தார். வெகுநேரம் குனிந்திருந்தார். வழவழா கைகட்டி நின்றார். அதிகாரி திருகைப் பிடித்து ஒரு திருகு திருகினார். சரிவரவில்லை போலிருக்கிறது, இன்னொரு திருகு, பலமாக. ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். லென்ஸ் கீழே இறங்கி ஸ்லைடை உடைத்த சத்தம். டீச்சருக்கு அது என்ன சத்தம் என்று தெரியும். இன்னும் யாருக்குத் தெரிந்ததோ, ஒருவரும் அசையவில்லை.

அதிகாரி நிமிர்ந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“பிரமாதம்,” என்றார். “பச்சை நல்லா எடுப்பாத் தெரியுது.”

கைதட்டலை வழவழா ஆரம்பித்துவைத்தார். தட்டிய கைகளின் சத்தத்தில், டீச்சர் தானும் தட்டுவதை ஒரு கணம் கழித்துத்தான் கவனித்தாள்.

மற்றதெல்லாம் தலைமையாசிரியர் அறையில் நடந்தது. செய்முறை வழியாகக் கற்பித்தல் சிறப்பு, மாணவர்கள் கூர்ந்து நோக்கும் திறன் உடையவர்கள், நிரந்தரம் செய்யலாம் என்று அதிகாரி சொன்னார். பசுங்கணிகத்தைத் தனியாக ஒருமுறை குறிப்பிட்டார். வண்டி வெளியே போனதும் வழவழா அவள் பக்கம் திரும்பினார். நெற்றி முழுக்க வியர்வை.

“பாத்தீங்களா? நீங்க சொன்ன மாதிரி கன்னத்தச் சுரண்டிட்டு இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்? ஐயா என்ன சொன்னார் தெரியுமா, இதே பாடத்த அடுத்த மாசம் மத்த ஸ்கூல் டீச்சர்ங்களுக்கெல்லாம் மாதிரி வகுப்பா நடத்திக் காட்டணுமாம். இதே பசங்கள வச்சு.”

“இதே பசங்கள வச்சா?”

“பின்ன, மைதானத்துல இருக்கறதுகள வச்சா?” அவர் வாய்விட்டுச் சிரித்தார். “இனிமே என்ன டீச்சர், நீங்க நம்ம ஆளு.”

அடித்திருந்தால் இவ்வளவு சுட்டிருக்காது. நன்றி சார் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பாடம் நடந்த ஆய்வறையில் முந்திரி இருந்தாள். எல்லோரும் போன பிறகு தங்கி மேசை துடைப்பது அவள் வழக்கம். துடைக்கிறபோது யாராவது பெரியவர்கள் பார்த்தால் இன்னும் விசேஷம். ஜன்னல் திறந்திருந்தது. மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடு இரண்டாக உடைந்து கிடந்தது. வெங்காயத் தோல் சுருண்டு ஒட்டியிருந்தது.

டீச்சர் கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றாள்.

“நீ என்ன பாத்த?”

“எப்ப டீச்சர்?”

“நடிக்காத. மைக்ராஸ்கோப்புல.”

முந்திரி துணியை மடித்து வைத்தாள். ஜன்னலைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். பிறகு முதல்முறையாக, அவசரப்படாமல் பதில் சொன்னாள்.

“ஒண்ணும் தெரியல. இருட்டா இருந்துச்சு.”

“அப்ப அதச் சொல்ல வேண்டியதுதானே?”

“நீங்க பக்கத்துலயேதான டீச்சர் நின்னீங்க,” என்றாள் முந்திரி. அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஒரு கணக்கைப் படிப்படியாகப் போட்டுக் காட்டுகிற மாதிரி இருந்தது. “லைட்டப் போடப் போனீங்க. அப்புறம் போடல. சரி, டீச்சருக்கே இதான் வேணும் போலன்னு நெனச்சேன். எனக்கு அடுத்து வந்தவங்கெல்லாம் உங்க மூஞ்சியப் பாத்துட்டுத்தான் குனிஞ்சாங்க.”

டீச்சர் உடைந்த ஸ்லைடை எடுத்துக் குப்பையில் போட்டாள்.

“ஆனா அந்த டாக்டர் இருக்கானே,” முந்திரியின் உதடு கோணியது, “சரியான மரமண்ட. வெங்காயத்துல எங்கயாவது பசுங்கணிகம் இருக்குமா டீச்சர்? மண்ணுக்குள்ள இருக்கறது. புக்குலயே போட்டிருக்கு. பாக்காம சொல்றதுக்கும் ஒரு மூளை வேணாமா? அவனால எல்லாம் கெட்டிருக்கும். நல்லவேளை, அந்த சாருக்கும் தெரியல.”

அவள் அதை ஒரு கூட்டாளியிடம் சொல்வதுபோலச் சொன்னாள். தொழில் தெரிந்த இரண்டு பேர், தொழில் தெரியாத மூன்றாவது ஆளைப் பற்றிப் பேசுகிற தோரணை. டீச்சர் அந்தச் சின்ன முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாள் கிளிப்பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கிளிப்பிள்ளை இல்லை. இவளுக்கு எல்லாம் தெரியும். எது உண்மை, எது பொய், எதை எப்போது யாருக்குச் சொல்லவேண்டும், எல்லாம். ஒரு நாள் இவள் அதிகாரியாகி வந்து ஜன்னலோரம் உட்காருவாள். மற்றவர்களைப்போல முட்டாள்தனமாக ஸ்லைடை உடைக்கமாட்டாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

“நில்லு,” என்றாள் டீச்சர். “புதுசா ஒரு ஸ்லைடு போடறேன். வெளிச்சம் நல்லா இருக்கு. ஒரே ஒரு தடவ நெசமாப் பாரு.”

அவள் வெங்காயத்தை எடுத்து வகுந்தாள். ஒரு இதழை ஒடித்து, அதன் உட்குழிவிலிருந்து தோலை உரித்தாள். அவசரத்தில் தோல் கிழிந்தது. மறுபடி உரித்தாள்.

“எதுக்கு டீச்சர்?” என்று கேட்டாள் முந்திரி.

“எதுக்கா? செல்லு எப்படி இருக்கும்னு பாக்க வேணாமா உனக்கு?”

“எனக்குத்தான் தெரியுமே.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “பஸ் போயிடும் டீச்சர். மாதிரி வகுப்பு வேற இருக்காமே, அதுக்கும் நான்தானே முதல்ல? டாக்டர வேணா கடைசில போடுங்க. இல்லைன்னா எடுத்துருங்க.”

மரியாதையாகத்தான் சொன்னாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

டீச்சர் உரித்த தோலைத் தண்ணீர்ச் சொட்டில் போட்டாள். அதை மூடும் சின்னக் கண்ணாடியைச் சாய்வாக வைத்துக் குமிழி வராமல் இறக்கினாள். லென்ஸைத் துடைத்தாள். கண்ணாடியை வெயில் பக்கம் திருப்பிக் குனிந்தாள். அடுக்கடுக்காகச் செல்கள், ஒழுங்காக, ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி. அவளுக்கு எப்போதுமே அதைப் பார்க்கும்போது கொஞ்சம் மூச்சு நிற்கும். இன்றைக்கு நிற்கவில்லை. தோலை எடுத்து எறிந்துவிட்டுக் கையைக் கழுவினாள்.

மதிலோரம் போட்டுவைத்தவர்களை யாரும் கூப்பிட மறந்திருந்தார்கள். அதுகள் பொறுக்கிய காகிதத்தைக் குவித்து, அதன்மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தன. “போங்கடா, மணியடிச்சு எவ்வளவு நேரமாச்சு!” என்று கத்தினாள். அதுகள் ஓடின. கேட்டைத் தாண்டும்போது “மூட்டை டீச்சர்!” என்று ஒரு குரல் கேட்டது. அன்றைக்கு முழுக்க அவள் கேட்டதில் அது ஒன்றுதான் யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்தது.

கிடங்குக்கு நேராகவே போனாள். கடைசி வண்டி காலியாகிக்கொண்டிருந்தது. அம்மா பலகையின் நடுவில், முதுகில் மூட்டையோடு. முட்டிச் சத்தம் கீழே நிற்கிறவளுக்கே கேட்டது. மகளைப் பார்த்ததும் நடையை நிறுத்தவில்லை, கண்ணாலேயே ‘என்ன?’ என்றாள். டீச்சர் தலையை ஆட்டினாள். அம்மா மூட்டையை உள்ளே கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்து, தோளில் இருந்த துண்டை எடுத்து மேஸ்திரியின் காலடியில் வீசினாள்.

“நாளையிலேர்ந்து வேற ஆளப் பாத்துக்க. எம்மவ நெலச்சுட்டா.”

“அடி சக்கை!” என்றார் மேஸ்திரி. கூட இருந்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் இவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவர்கள். “என்ன பாப்பா நடத்துன, அதிகாரி அசந்துட்டாரா?”

“செல்லப் பத்தி மாமா.”

“போனப் பத்தியா?”

“இல்ல மாமா. நம்ம உடம்பு, செடி கொடி, உயிருள்ளது எல்லாமே சின்னச் சின்ன செல்லாலதான் ஆகியிருக்கு. கண்ணுக்குத் தெரியாது. மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாத்தாத்தான் தெரியும்.”

“அதிகாரியே குனிஞ்சு பாத்தாராமா?” அம்மா அருகில் வந்தாள். முகம் முழுக்கச் சாக்குத் தூசி, அதற்குள் பல் தெரிந்தது. “சொல்லுடி, இவங்களுக்குச் சொல்லு. என்ன தெரிஞ்சுதாம் அவருக்கு?”

எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். இவர்களை ஏமாற்ற அவளுக்கு எந்த அவசியமும் இல்லை. துண்டு கீழே விழுந்தாகிவிட்டது, வேலை கிடைத்தாகிவிட்டது. இருட்டுதான் தெரிந்தது என்று சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒரு வாரத்துக்குக் கிடங்கில் அதே பேச்சாக இருக்கும். அம்மாவும் சிரிப்பாள். சிரித்துவிட்டு அப்புறம், ராத்திரி முட்டிக்கு எண்ணெய் தேய்க்கிறபோது, யோசிப்பாள்.

“பச்சைப் பச்சையா தெரிஞ்சுதாம்மா,” என்றாள்.

குரல் கணீரென்று வந்தது.